சோற்றைக் குறை, பயறைக் கூட்டு: செட்டிநாட்டுப் பக்கம் புதுக் குடித்தனத்துக்கு ஒரு சாப்பாட்டுக் கணக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் புதிதாக வீடு எடுத்துக் குடித்தனம் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்யாணமாகித் தனியாக வந்தவர்கள், செக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்திலோ அழகப்பா பல்கலைக்கழகத்திலோ ஒப்பந்த வேலைக்கு வந்தவர்கள், பிள்ளைகள் படிப்புக்காகக் கிராமத்தை விட்டு டவுனுக்கு வந்தவர்கள், யாராக இருந்தாலும் சரி. வீட்டில் நாலு பேர், சாப்பாட்டுக்கு ஒதுக்குகிற காசு கொஞ்சம், அதற்குள் பிள்ளைகளுக்குச் சத்தாகவும் போட வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது, எதை வாங்குவது, எதை விடுவது என்பதுதான் விஷயம்.

செட்டிநாட்டுச் சாப்பாடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஹோட்டல் போர்டில் இருக்கிற மிளகுக் கோழியும் கறிவறுவலும்தான் நினைவுக்கு வரும். அது விசேஷ நாள் சமையல். அன்றாடம் இந்த ஊர் அப்பத்தாக்களும் ஆயாக்களும் சமைத்தது பருப்பு, மண்டி (அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கிற புளிக்குழம்பு), துவட்டல் (பொரியல் மாதிரி), கீரை மசியல், வற்றல் போட்ட குழம்பு, சாயங்காலம் ஏதாவது ஒரு சுண்டல். மழை குறைந்த செம்மண் பூமி, கண்மாய் நிறைந்தால்தான் நெல், இல்லையென்றால் பயறும் கடலையும் கொள்ளும்தான் என்று இருந்த பகுதி இது. சிக்கனமாகவும் சத்தாகவும் சாப்பிடுவதற்கான சமையல் இங்கே ஏற்கெனவே இருக்கிறது, பட்ஜெட்டுக்காகப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

கையில் காசு குறைவாக இருக்கிற வீட்டில் வயிறு நிறையாமல் போவதில்லை, ரேஷன் அரிசி இருப்பதால் சோறு நிறையவே இருக்கிறது. குறைவது பயறும் காயும். ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரி தேவைப்படுகிற ஒருவருக்கு ஒரு நாளைக்கு அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்தே 250 கிராம்தான் சொல்லியிருக்கிறார்கள். பருப்பு, முட்டை, மீன், கறி சேர்த்து 85 கிராம். கீரையோடு சேர்த்துக் காய் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கடலை மாதிரி கொட்டை வகைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். இதை உங்கள் வீட்டுத் தட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அரிசி இதைவிட நூறு நூற்றைம்பது கிராம் கூடுதலாகவும், பருப்பு பாதிக்கும் கீழேயும் இருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் வருகிற எல்லாப் படிகளும் ஒரே வேலைக்காகத்தான்: சோற்றுக்கும் எண்ணெய்க்கும் கடைப் பலகாரத்துக்கும் போகிற காசைப் பிடித்துப் பயறுக்கும் காய்க்கும் திருப்புவது.

முதல் படி: ஒரு வாரம் எழுதுங்கள்

எதையும் மாற்றாமல், வழக்கம்போல வாங்கி, ஒரு வாரம் மட்டும் சாப்பாட்டுச் செலவை எழுதி வையுங்கள். மளிகை, காய், பால், கறி மீன் என்று நாலு பத்தி போதும். ஐந்தாவதாக ஒரு பத்தி கட்டாயம் வேண்டும்: வெளியில் வாங்கித் தின்றது. டீக்கடை வடை, பேக்கரி பப்ஸ், பிள்ளைகளின் பாக்கெட் சிப்ஸ், இட்லிமாவு பாக்கெட், கூல்டிரிங்ஸ் எல்லாம் அதில் வரும். ஒரு வடை 8 ரூபாய் என்று வைத்தால்கூட நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 32 ரூபாய், மாதம் 960 ரூபாய். கையில் காசில்லை என்கிற வீட்டிலும் இந்த ஐந்தாவது பத்தி பெரும்பாலும் பருப்புப் பத்தியைவிடப் பெரிதாக இருக்கும். எழுதிப் பார்த்தால்தான் தெரியும், அதனால் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இரண்டாவது: ரேஷன் கடையை முழுசாகப் பயன்படுத்துங்கள்

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்குக் காசு கிடையாது. நாலு பேர் உள்ள அரிசி அட்டைக்குச் சாதாரணமாக மாதம் 20 கிலோ, மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்த்யோதயா அட்டைக்கு 35 கிலோ. துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். அரிசிக்குப் பதிலாகக் கொஞ்சம் கோதுமை, இருப்பைப் பொறுத்து, இலவசமாகவே கிடைக்கும். வெளியில் துவரம்பருப்பு விற்கிற விலையைப் பார்த்தால் அந்த ஒரு கிலோவை ஒரு மாதம்கூட விடக்கூடாது. ஸ்டாக் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பருப்பும் எண்ணெயும்தான் முதலில் தீரும்.

அட்டை வேறு மாவட்டத்தில் இருக்கிறதே என்று பலர் வாங்காமலே இருந்துவிடுகிறார்கள். கைரேகை வைத்து வேறு ஊர்க் கடையிலும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2020 அக்டோபரிலிருந்து இருக்கிறது. ஆனால் இங்கேயே தங்கப் போகிறீர்கள் என்றால் இ-சேவை மையத்தில் முகவரியை மாற்றிவிடுவது நல்லது, பருப்பு எண்ணெய்க்கு ஒவ்வொரு மாதமும் கடைக்காரரிடம் கேட்டு நிற்க வேண்டியிருக்காது. உங்கள் அட்டை சர்க்கரை அட்டையா அரிசி அட்டையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், சர்க்கரை அட்டைக்கு அரிசி கிடையாது.

ரேஷன் அரிசியில் சில சமயம் கொஞ்சம் வெளுப்பாக, கழுவும்போது மிதக்கிற மாதிரி சில மணிகள் இருக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று அதைப் பொறுக்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். அது பிளாஸ்டிக் இல்லை. அரிசிமாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய மணி, நூறு மணிக்கு ஒன்று என்கிற அளவில் கலந்து தருகிறார்கள். பொறுக்கிப் போடாதீர்கள். ரொம்ப நேரம் தேய்த்து ஏழெட்டுத் தண்ணீர் மாற்றவும் வேண்டாம், மூன்று தண்ணீர் போதும். வடிக்காமல் அளவாகத் தண்ணீர் வைத்துக் குக்கரில் வேகவைத்தால் சத்து கஞ்சியோடு வெளியே போகாது. வடித்தே பழக்கம் என்றால் அந்தக் கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்துவிடுங்கள்.

காசு அதிகம் மிச்சமாவது இங்கேதான். ரேஷன் அரிசியை இட்லிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சோற்றுக்கு மாதம் ஒரு 25 கிலோ பொன்னி மூட்டை வாங்குகிற வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம். கிலோ 60 ரூபாய் என்று வைத்தால் அது 1,500 ரூபாய். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 22, 23 கிலோ தானியம் போதும், அதில் 20 கிலோ ரேஷனிலேயே வருகிறது. மூட்டையை நிறுத்தினால் அந்த 1,500 ரூபாயில் 5 கிலோ பயறுவகை, 60 முட்டை, அதற்கு மேலும் காய்க்குக் கொஞ்சம் வாங்கலாம். ரேஷன் சோறு வாசம் அடிக்கிறது என்பவர்கள் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள், வாசம் பெரும்பாலும் போய்விடும். புழுங்கலரிசியாக வந்தால் இன்னும் நல்லது, நெல்லைப் புழுக்கும்போதே தவிட்டில் உள்ள பி1 சத்து கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.

மூன்றாவது: பயறு

இதுதான் முக்கியமானது, இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

புரதத்துக்கு எது மலிவு என்று பார்க்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பத்து ரூபாய் கொடுத்தால் எத்தனை கிராம் புரதம் கைக்கு வருகிறது என்று பாருங்கள். விலையை உத்தேசமாக வைத்துக்கொள்வோம். ரேஷன் துவரம்பருப்பு என்றால் பத்து ரூபாய்க்கு 70 கிராம் புரதத்துக்கு மேல். கொள்ளு கிலோ 80 ரூபாய் என்றால் 27 கிராம். நிலக்கடலை கிலோ 140 என்றால் 18 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம், அது 7 ரூபாய் என்றால் பத்து ரூபாய்க்கு 8, 9 கிராம். பால் லிட்டர் 40 ரூபாய் என்றால் 8 கிராம். ஆட்டுக்கறி கிலோ 900 ரூபாய் என்றால் வெறும் 2 கிராம். விலை மாறிக்கொண்டே இருக்கும், கணக்கு மாறாது. கடைக்குப் போகும்போது போனில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பயறில் ஒரு குறை உண்டு. அரிசியில் குறைவாக இருக்கிற லைசின் என்கிற சத்து பயறில் நிறைய இருக்கிறது, பயறில் குறைவாக இருக்கிற மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால்தான் முழுப் பலன். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்கிற அளவு நல்லது. நம் இட்லியும் அடையும் வெள்ளைப் பணியாரமும் இந்தச் சேர்க்கைதான். இட்லிக்கு நாலுக்கு ஒன்று போடுகிறவர்கள் மூன்றுக்கு ஒன்றாக உளுந்தைக் கூட்டுங்கள். அடைக்கு ரேஷன் அரிசி இரண்டு பங்கு, துவரை, கடலைப்பருப்பு, பாசிப்பருப்பு கலந்து ஒரு பங்கு, அதில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. வாரத்தில் இரண்டு ராத்திரி அடை என்று வைத்துக்கொண்டால் தொட்டுக்கொள்ளப் பெரிதாக எதுவும் வேண்டியதில்லை.

மாதத்துக்கு வாங்க வேண்டிய அளவு, ரேஷன் பருப்பையும் சேர்த்து நாலு பேருக்கு 6 முதல் 7 கிலோ. உளுந்து ஒன்றரை கிலோ, பாசிப்பருப்பும் பாசிப்பயறும் ஒன்றரை, மொச்சை ஒன்று, தட்டைப்பயறு ஒன்று, கொள்ளு அரை, மீதி துவரை. எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்க வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் அறுவடை முடிகிற மாதங்களில் சந்தையில் விவசாயிகளே பயறு கொண்டுவருவார்கள், அப்போது மூன்று மாதத்துக்கு வாங்கி நல்ல வெயிலில் காயவைத்து, இறுக்கமான டப்பாவில் இரண்டு காய்ந்த மிளகாய் போட்டு வையுங்கள்.

முழுப் பயறு வேகக் கேஸ் ஆகுமே என்று பயப்பட வேண்டாம். ராத்திரி ஊறவைத்தால் காலையில் குக்கரில் நாலைந்து விசில் போதும், மொச்சைக்கு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் வேக வேண்டும் என்று சோடா உப்புப் போடாதீர்கள், பி1 சத்து கெட்டுப்போகும். ஒரே தடவையில் கொஞ்சம் கூடவே வேகவைத்து, பாதி மதியக் குழம்புக்கு, பாதி சாயங்காலச் சுண்டலுக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். ஆனால் நம் ஊர் வெயிலில் வெளியில் வைத்த சுண்டல் ராத்திரிக்குத் தாங்காது, சாயங்காலமே முடித்துவிடுங்கள்.

பிள்ளைகள் இனிப்புக் கேட்டால் கும்மாயம் செய்து கொடுங்கள். உளுந்து ஒரு பங்கு, பாசிப்பருப்பும் பச்சரிசியும் கால் கால் பங்கு, வாசம் வரும் வரை வறுத்து மாவாக்கி டப்பாவில் வைத்துக்கொண்டால் ஒரு மாதத்துக்கு ஆகும். வேண்டும்போது கருப்பட்டி அல்லது வெல்லப்பாகில் கரைத்து அடுப்பில் கிண்டினால் பத்து நிமிடம். விசேஷத்துக்குச் செய்வது மாதிரி நெய்யை ஊற்ற வேண்டாம், ஒரு ஸ்பூன் போதும். டப்பாவில் விற்கிற சத்துப் பானப் பொடியைவிட இதில் புரதம் அதிகம், செலவும் மிகக் குறைவு. டிவி விளம்பரத்தைப் பார்த்துப் பிள்ளைக்கு அந்த டப்பா வாங்காவிட்டால் வளராது என்று நினைக்கிற அம்மாக்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும், அந்தக் காசில் அந்தப் பிள்ளைக்கு ஒரு மாதத்து முட்டை வாங்கிவிடலாம்.

நாலாவது: காய், கீரை, மண்டி

ஒரு ஆளுக்கு 400 கிராம் காய் என்றால் நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 1,600 கிராம். முதல் மாதமே இது எட்டாது. ஒரு நாளைக்கு ஒரு கிலோ காயும் ஒரு கட்டுக் கீரையும் என்று தொடங்குங்கள், அதுவே இப்போது சாப்பிடுவதைவிட இரண்டு மடங்காக இருக்கும்.

வாங்குவதற்கு இரண்டு இடம். உழவர் சந்தையில் விலைப்பலகை இருக்கும், எடை சரியாக இருக்கும், விடியற்காலையில் போனால் நல்ல சரக்கு. வாரச்சந்தைக்குச் சாயங்காலம் இருட்டுகிற நேரம் போனால் கூறுகட்டி விற்பார்கள், கொண்டுவந்ததைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போக யாருக்கும் மனசு வராது, "எல்லாத்தையும் எடுத்துக்க ஆத்தா" என்று கடைசிக் கூறில் இன்னொரு பிடி அள்ளிப் போடுவார்கள். முதிர்ந்த வெண்டையும் வாடிய கீரையும் அந்தக் கூறில் வரும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தரி, பூசணி, பரங்கி, சுரை, கொத்தவரை, புடலை, வாழைத்தண்டு, வாழைப்பூ எல்லாம் அக்கம்பக்கத்திலிருந்தே வருபவை, அதனால் விலை குறைவு. கேரட், பீன்ஸ், காலிஃபிளவர் மலையிலிருந்து வர வேண்டும். கேரட்டில் இருக்கிற கரோட்டின் சத்து பரங்கியிலும் முருங்கைக்கீரையிலும் பப்பாளியிலும் இருக்கிறது. ஆப்பிளுக்குக் கொடுக்கிற காசில் கொய்யா மூன்று மடங்கு வாங்கலாம், வைட்டமின் சி-யும் ஆப்பிளைவிட அதில்தான் மிக அதிகம்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் சமைக்கிற வரிசை முக்கியம். சந்தை முடிந்த மறுநாள் கீரை. அடுத்த இரண்டு நாள் வெண்டை, புடலை, கத்தரி. அப்புறம் அவரை, கொத்தவரை. வாரக் கடைசிக்கு வாழைக்காய், சேனை, வெட்டாத பரங்கி. இப்படி வைத்தால் அழுகிப் போய்க் கொட்டுவது நின்றுவிடும். கொட்டுகிற காயும் காசு கொடுத்து வாங்கியதுதானே.

முருங்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நூறு கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அதே அளவு பாலில் 120 தான். இந்தச் செம்மண்ணில் ஒரு போத்து வெட்டி நட்டால் வந்துவிடும், தண்ணீர் அதிகம் கேட்காது. வாடகை வீடாக இருந்தாலும் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பின்பக்கம் ஒன்று நட்டுவிடுங்கள். அதுவரைக்கும் தெருவில் யார் வீட்டு மரத்திலிருந்தாவது கீரை ஒடித்துக்கொள்ளலாம், கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். கீரை சாப்பிட்ட அன்றைக்கு எலுமிச்சையோ நெல்லிக்காயோ தக்காளியோ சேர்ந்திருந்தால் அதில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ரத்தச்சோகை உள்ள பெண்கள் மாத்திரையோடு இதையும் கவனிக்க வேண்டும்.

இனி மண்டி. வெளியூரிலிருந்து வந்தவர்கள் இந்த ஊர்ச் சமையலில் ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்வதென்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். அரிசி கழுவிய இரண்டாவது தண்ணீரை, அதாவது கழனியை, ஒரு பாத்திரத்தில் பிடித்து வையுங்கள். அதில் எலுமிச்சை அளவு புளியைக் கரைத்துக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம் தாளித்து, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, கீறிய பச்சைமிளகாய் வதக்கி, வெண்டைக்காயைத் துண்டாக்கிப் போட்டு வழவழப்புப் போகும்வரை புரட்டி, வேகவைத்த மொச்சையைச் சேர்த்து, புளித்தண்ணீரை ஊற்றி, உப்புப் போட்டுக் கெட்டியாகும்வரை கொதிக்கவிடுங்கள். தேங்காய் வேண்டாம், மசாலாப் பொடி வேண்டாம், கழனியே குழம்பைக் கெட்டியாக்கிவிடும். வெண்டைக்குப் பதில் கத்தரி, பலாக்கொட்டை, வாழைக்காய், ஊறவைத்த மாவற்றல் (மாங்காய் வற்றல்), எது மலிவோ அது. மொச்சை நிறையப் போட்டால் பருப்பும் காயும் ஒரே சட்டியில் முடிந்துவிடும். இரண்டாம் நாளும் ருசிக்கும், ஆனால் சூடாக்கி வைக்க வேண்டும்.

இட்லி இடியாப்பத்துக்குச் சட்னி அரைக்கத் தேங்காய் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்றால் கத்தரிக்காய் கோசமல்லி செய்யுங்கள். கத்தரியை வேகவைத்து மசித்துப் புளித்தண்ணீரும் வெங்காயமும் மிளகாயும் சேர்த்துத் தாளித்தால் முடிந்தது, ஆளுக்கு நூறு கிராம் காய் காலையிலேயே உள்ளே போய்விடும்.

பங்குனி, சித்திரை வெயிலை வீணாக்காதீர்கள். கத்தரி, கொத்தவரை, மாங்காய் மலிந்து கிடக்கும்போது வாங்கி நறுக்கி வற்றல் போட்டுக்கொண்டால் காய் விலை ஏறுகிற மழைக்காலத்துக்கு உதவும். கடையில் வாங்கும் வற்றலில் உப்பு அதிகம். ஊறவைத்துக் கழுவிப் போட்டு, குழம்பில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புதான் கணக்கு, நாலு பேருக்கு மாதம் 600 கிராம். அதில்தான் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அடங்க வேண்டும்.

முட்டை, மீன், கறி

அசைவம் சாப்பிடுகிற வீடாக இருந்தால் முட்டைதான் முதலில். ஆளுக்கு வாரம் நாலு என்று மாதம் 60 முதல் 70. ஒரே தடவை 30 முட்டை அட்டையாக வாங்கினால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மிச்சம்.

தொண்டி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் கடல் பக்கத்திலேயே இருப்பதால் மீனுக்கு நமக்குக் குறை இல்லை. வஞ்சிரத்தை விடுங்கள். சாளையும் நெத்திலியும் விலை குறைவு, நல்ல கொழுப்பு சாளையில் நிறைய, நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது கடல் மீன் விலை ஏறும். அதே கோடையில்தான் கண்மாய்கள் வற்றி மீன்பிடி நடக்கும், கெண்டையும் சிலேபியும் கெளுத்தியும் தெருவுக்கே வரும், அந்த இரண்டு மாதம் கண்மாய் மீனுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி என்கிற வழக்கத்தை மாதம் ஒரு தடவையாக்கினாலே பெரிய தொகை மிச்சம். எடுக்கிற அன்றைக்கும் கால் கிலோ எலும்போடு வாங்கி, உருளைக்கிழங்கும் முருங்கைக்காயும் போட்டுத் தண்ணிக்குழம்பாக வையுங்கள். கோளா உருண்டை ஆசை வந்தால் வாழைப்பூவும் கடலைப்பருப்பும் போட்டுச் செய்யலாம். கோழி ஈரல் மிக மலிவு, இரும்பும் பி12-ம் நிறைய, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலைத் தவிர்க்க வேண்டும், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

பால் வாங்கும்போது, ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3 சதவீதம், புரதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நீலம் போதும். பாதியைத் தயிராக்கிவிடுங்கள், டீயிலேயே எல்லாப் பாலும் போய்விட வேண்டாம்.

ஐந்தாவது: எண்ணெயும் சாயங்காலப் பலகாரமும்

நாலு பேருக்கு மாதம் 3 லிட்டர் எண்ணெய், அதற்கு மேல் வேண்டாம். ரேஷன் பாமாயில் ஒரு லிட்டர், கடலையெண்ணெயும் நல்லெண்ணெயுமாக இரண்டு லிட்டர். பாமாயிலில் கிட்டத்தட்டப் பாதி நிறைகொழுப்பு, அதனால் அதையே எல்லாவற்றுக்கும் ஊற்றக்கூடாது. மாதத் தொடக்கத்தில் மூன்று லிட்டரையும் எடுத்து, வாரத்துக்கு முக்கால் லிட்டர் என்று தனிப் பாட்டிலில் ஊற்றி அடுப்பருகே வையுங்கள். பாட்டில் கண்ணில் படும்போது கை தானாகக் குறையும்.

இந்த ஊரில் முறுக்கும் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் அருமையாகக் கிடைக்கும், விருந்தாளி வந்தால் வாங்குங்கள், தீபாவளிக்குச் செய்யுங்கள். தினமும் நாலரை மணிக்குப் பசிக்கிற வயிற்றுக்கு அது வேண்டாம். சுண்டல், அவித்த நிலக்கடலை, கும்மாயம், கேழ்வரகுப் புட்டு என்று சுற்றி வையுங்கள். கேழ்வரகு மாதம் 3 கிலோ வாங்கிக்கொள்ளுங்கள், நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், விலையும் கட்டுப்படியாகும். சாமை, வரகு, தினை, கவுனி அரிசி எல்லாம் நல்லவைதான், ஆனால் இந்தப் பட்ஜெட்டில் அவற்றுக்குக் கொடுக்கிற காசு பயறுக்குப் போனால் பலன் கூட. கவுனியைப் பொங்கலுக்கோ பிறந்தநாளுக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் காலைக்கு நீராகாரமும் பழைய சோறும் சின்ன வெங்காயமும் போதும், கூட ஒரு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் பயறோ இருக்கட்டும். ராத்திரி தண்ணீர் ஊற்றியதை மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும்.

பிள்ளைகளுக்கு வெளியில் கிடைப்பது

அரசுத் தொடக்கப்பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை படிக்கிற பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டி இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க வந்தது. மதியச் சத்துணவில் பள்ளி நாளெல்லாம் முட்டை உண்டு. இதை வாங்கிக்கொள்வதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை, நேரத்தோடு பிள்ளையை அனுப்பிவிடுங்கள். ஆறு மாதம் தாண்டிய குழந்தை, கர்ப்பிணி, பாலூட்டும் தாய் யாராவது வீட்டில் இருந்தால் அங்கன்வாடியில் பதிவு செய்து சத்துமாவு வாங்குங்கள். கொழுக்கட்டையாகவோ கஞ்சியாகவோ கொடுக்கலாம், கிடப்பில் போட்டு வண்டு விழவிடாதீர்கள். அங்கேயே குழந்தையின் எடையைப் பார்த்து அட்டையில் குறிப்பார்கள். இரண்டு மாதம் எடை ஏறாமல் நின்றால் வீட்டிலேயே சமாளிக்கப் பார்க்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

மாதக் கடைசி வாரம்

காசு தீர்ந்து, பருப்பு டப்பாவும் அடி தெரிகிற அந்த ஏழெட்டு நாளுக்குத் தனியாக ஒரு பையை மாத முதலிலேயே கட்டி மேலே வைத்துவிடுங்கள்: அரை கிலோ கொள்ளு, அரை கிலோ தட்டைப்பயறு, கால் கிலோ நிலக்கடலை, ஒரு கிலோ கேழ்வரகு மாவு, கொஞ்சம் வற்றல், பத்து முட்டைக்கான காசு. கொள்ளு வேகவைத்த தண்ணீரில் ரசம், வெந்த கொள்ளில் துவையல். தட்டைப்பயறும் கத்தரி வற்றலும் போட்டு ஒரு மண்டி, அது இரண்டு வேளைக்கு வரும். முருங்கைக்கீரையில் இரண்டு முட்டை உடைத்து ஊற்றித் துவட்டல், கேழ்வரகு அடை, கடலைத் துவையலோடு ரேஷன் சோறு. அடுத்த மாதம் ரேஷன் ஸ்டாக் வந்த அன்றைக்கே பருப்பை வாங்கிப் பையை மறுபடி நிரப்பி, முதல் படியில் எழுதிய ஐந்தாவது பத்தி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து, இறங்கிய தொகைக்குக் காயையோ பழத்தையோ பட்டியலில் கூட்டிக்கொள்ளுங்கள்.